கரடு நிலத்தில் புல்லும் பற்றையும் வெட்டும் சுழல் வெட்டி: அதனைத் தெரிவு செய்யும் முறை

பயிர் செய்யாது விடப்பட்ட மேட்டுக் காணிகளும் வயலோரத் தரிசுகளும் இரண்டொரு மாரிகளுள் ஆளுயரப் புல்லாலும் பற்றையாலும் மூடப்பட்டு விடுகின்றன. முதலில் கினிப்புல்லும் இலுக்குப் புல்லும் பரவும். அவற்றின் பின் நாயுண்ணி, எருக்கலை, விடத்தல், உடை முதலியன வேரூன்றும். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபின் வன்னிக்கு மீண்ட கமக்காரர் பலர் தங்கள் காணிகளை இந்நிலையிலேயே கண்டனர். அத்தகைய நிலத்தைத் திரும்பவும் பயிருக்குக் கொண்டுவருவதற்கு முதல் வேலை மேலே நிற்பதை வெட்டி அகற்றுதலாகும்.

கைக்கத்தியால் வெட்டுவதற்குக் கூலியாள் கிடைப்பது அரிது. நெருப்பு வைத்தல் எளிதாகத் தோன்றினும், அது மண்ணின் மேலுள்ள சேதனப் பொருளை அழிப்பதோடு, அயலாரின் வேலியையும் பனைகளையும் பற்றிக்கொள்ளக்கூடும். நெடிய புல்லினுள் கலப்பையை இறக்கினால் புல் அதிற் சுற்றி அடைத்துக்கொள்ளும். றோட்டவேற்றரைக் கொண்டு வெட்ட முயல்வது அதனினும் பிழையாகும். அது இலுக்கின் நிலத்தடித் தண்டுகளைத் துண்டு துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் புதிதாக முளைக்கும். ஆகையால் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டி இழுக்கப்படும் சுழல் வெட்டியே இவ்வேலைக்கு உரிய கருவியாகும். றோட்டரி கட்டர் என்றும் ஸ்லாஷர் என்றும் சொல்லப்படுவதும் இதுவே.

இக்கருவியை வாங்குவோர் பெரும்பாலும் அதன் அகலத்தையும் விலையையும் மாத்திரம் பார்க்கின்றனர். காணியில் நிற்பவற்றுள் மிக வன்மையானது எது, அதனை வெட்ட உழவு இயந்திரத்துக்கு வலு உண்டா என்னும் இரண்டையுமே முதலிற் பார்த்தல் வேண்டும்.

கருவி இயங்கும் விதம்

உழவு இயந்திரத்தின் பின்புறத்தேயுள்ள வலு வெளியீட்டுத் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். இணைப்புத் தண்டு ஒன்று அச்சுழற்சியை வெட்டியின் மேலுள்ள பற்சில்லுப் பெட்டிக்குக் கொண்டு செல்லும். அப்பெட்டி சுழற்சியின் திசையை மாற்றி வேகத்தையும் கூட்டும். பெட்டியின் கீழே, தட்டம் போன்ற கனத்த இரும்பு வட்டில் ஒன்றில், இரண்டு வெட்டலகுகள் பெரிய ஆணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். அவை இறுகப் பூட்டப்பட்டவை அல்ல. சுழலும் விசையினாலேயே வெளியே நீண்டு நிற்கும். கல்லிலோ கட்டையிலோ மோதும்போது அலகு பின்னே மடங்கி, அதனைக் கடந்தபின் மீண்டும் நீளும். வட்டில் கட்டையின்மேல் வழுக்கிச் செல்லும். கரடு நிலத்துக்கு இக்கருவி ஏற்றதாயிருப்பதற்கு இவ்வமைப்பே காரணமாகும்.

வெட்டுவது கூர்மையன்று, வேகமே. 5 அடி வெட்டும் வெட்டியின் அலகுகள் நிமிடத்துக்கு 800 முறை சுழலுமாயின், அலகு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 12,500 அடியாகும். அதாவது மணிக்கு 140 மைலுக்கு மேலாகும். பற்றையைத் துணிக்கும் இதே வேகம் ஒரு கல்லையோ கம்பித் துண்டையோ துப்பாக்கிக் குண்டைப் போல எறியவும் வல்லது.

முதலாவது: காணியில் நிற்பதை அளத்தல்

காணியுட் சென்று, வெட்டவேண்டிய தண்டுகளுட் பருத்தவற்றின் அடியைப் பார்த்தல் வேண்டும். புல்லும் பெருவிரற் பருமனுக்கு உட்பட்ட, அதாவது 1 அங்குலம் வரையான செடிகளும் மாத்திரம் நிற்குமாயின், இலகு வகை வெட்டி போதுமானது. நாயுண்ணியும் இளம் விடத்தலும் 2 அங்குலம் வரை பருத்திருப்பின் நடுத்தர வகை வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கனவகை வெட்டி உண்டெனினும், சிறு காணியில் நிற்கும் சில பருத்த மரங்களுக்காக அதனை வாங்குதல் வீண் செலவாகும். அவற்றைக் கோடரியால் தறித்து அகற்றிவிட்டு, எஞ்சியதற்கு ஏற்ற வெட்டியைத் தெரிவு செய்தலே சிக்கனமாகும். நன்கு வேரூன்றிய வடலிகளையும் வெட்டிக்குக் கொடுத்தல் ஆகாது.

இரண்டாவது: உழவு இயந்திரத்தின் வலு

இயந்திரத்தின் பெயர்த் தகட்டிற் காணப்படும் குதிரைவலு முழுவதும் பின்தண்டுக்கு வந்து சேர்வதில்லை. ஏறத்தாழ 85 வீதமே வரும் எனக் கணக்கிடலாம். புல்லுக்கு வெட்டியின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் தண்டில் 5 குதிரைவலுவும், பற்றைக்கு 7 குதிரைவலுவும் தேவை எனக் கொள்வது பாதுகாப்பானது.

உதாரணமாக, 45 குதிரைவலு இயந்திரம் ஒன்று தண்டில் 38 குதிரைவலுவைத் தரும். 5 அடி வெட்டி பற்றையை வெட்டுவதற்கு 35 வேண்டும், இது பொருந்தும். 6 அடி வெட்டிக்கு 42 வேண்டும், இது பொருந்தாது. 6 அடி வெட்டி புல்லை வெட்டும், ஆனால் பற்றையினுள் நுழைந்ததும் இயந்திரம் திணறும். அலகின் வேகம் குறைய, தண்டுகள் வெட்டுப்படாது கிழிந்து நார்நாராக நிற்கும். டீசலும் வீணாகும்.

அகலத்தைப் பற்றிக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பின்சில்லுகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, இயன்றவரை அதனை மூடக்கூடிய வெட்டியைத் தெரிவு செய்தல் நன்று. இல்லையேல் சில்லு மிதித்த புல் வெட்டுப்படாது கிடக்கும். எனினும் அகலத்துக்காக வலுவை மீறுதல் கூடாது. வலு போதாதவிடத்து ஒடுங்கிய வெட்டியை வாங்கி, ஒவ்வொரு வரிசையும் முன்னைய வரிசையின்மேற் சிறிது படியுமாறு ஓட்டலாம்.

மூன்றாவது: அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு

அலகு திடீரெனக் கட்டையில் இறுகுமாயின், அவ்வதிர்ச்சி இயந்திரத்தின் பற்சில்லுகளைச் சென்றடையும். அதனைத் தடுப்பதற்கு இணைப்புத் தண்டில் இரண்டிலொன்று இருத்தல் அவசியம். ஒன்று முறியும் ஆணி; அளவுக்கு மிஞ்சிய பாரம் வந்ததும் அது தானே முறிந்து ஏனையவற்றைக் காக்கும். மற்றது நழுவு கிளச்; அது பாரம் மிகும்போது நழுவும்.

முறியும் ஆணி மலிவானது. ஆனால் அடிக்கடி முறிகின்றதெனச் சினந்து அவ்விடத்தில் வன்னுருக்கு ஆணியைப் பூட்டுவோர் உளர். சில ரூபா ஆணியைக் காப்பாற்றி, இயந்திரத்தின் பின்பெட்டியை உடைக்கும் செயல் இது. கட்டை மலிந்த காணிக்கு நழுவு கிளச் உகந்தது. ஆயினும் ஒரு போகம் முழுவதும் நிறுத்தி வைத்தபின் அதன் தகடுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன் அதன் வில் ஆணிகளைத் தளர்த்தி, சிறிது நழுவவிட்டு, மீண்டும் உரிய அளவுக்கு இறுக்குதல் வேண்டும். ஒட்டிய கிளச், கிளச் இல்லாமைக்குச் சமம்.

நான்காவது: பழைய இயந்திரங்களுக்குரிய எச்சரிக்கை

ஒற்றைக் கிளச் உடைய பழைய உழவு இயந்திரங்களில், கிளச்சை மிதித்த பின்னரும் வெட்டியின் கனத்த வட்டில் தன் விசையாற் சுழன்றுகொண்டேயிருக்கும். அச்சுழற்சி தண்டின் வழியே திரும்பி வந்து இயந்திரத்தை முன்னே தள்ளும். வேலியோரத்திலோ கிணற்றருகிலோ கிளச்சை மிதித்தும் இயந்திரம் நில்லாது சென்றால் நேரும் கேடு சொல்லாமலே விளங்கும். இவ்வகை இயந்திரத்துக்கு வெட்டி வாங்குவோர் பின்தண்டில் ஒருவழிக் கிளச் ஒன்றைப் பூட்டுதல் கட்டாயமாகும். இரட்டைக் கிளச் உடைய இயந்திரங்களில், மிதியை அரைவாசி மிதிக்கப் பயணம் நிற்கும், முழுதும் மிதிக்கத் தண்டும் விடுபடும். அவற்றில் இவ்வாபத்து இல்லை.

ஐந்தாவது: பொருத்தமும் உறுதியும்

இந்நாட்டிற் பெரிதும் வழங்கும் நடுத்தர இயந்திரங்களின் பின்தண்டு 1⅜ அங்குல விட்டமும் 6 தவாளிப்புகளும் உடையது. முப்புள்ளி இணைப்பின் மேல் ஊசி ¾ அங்குலமும் கீழ் ஊசிகள் ⅞ அங்குலமும் ஆகும். வெட்டியின் அளவுகள் இவற்றோடு ஒத்துள்ளனவா என அளந்து பார்த்தல் வேண்டும்.

இணைப்புத் தண்டின் நீளமும் முக்கியமானது. வெட்டியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் தண்டின் இரு பகுதிகளும் ஒன்றினுள் ஒன்று முட்டாமலும் கழன்று விடாமலும் இருத்தல் வேண்டும். முட்டினால் பின்தண்டின் பெயறிங் உடையும். குழாய்களில் மூன்றிலொரு பங்காவது எந்நிலையிலும் ஒன்றினுள் ஒன்று படிந்திருத்தல் அவசியம். தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை இல்லாத கருவியை வாங்குதலே கூடாது. முன்னும் பின்னும் கல் சிதறாது தடுக்கும் சங்கிலிகளும் இருத்தல் வேண்டும்.

பழைய வெட்டியை வாங்குவோர் பற்சில்லுப் பெட்டியின் கீழே எண்ணெய் கசிகிறதா, வட்டிலைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் காண்கிறதா, அலகு ஆணியின் துளை அகன்றுள்ளதா, சட்டத்தின் ஒட்டுகளில் வெடிப்பு உண்டா என்பவற்றைச் சோதித்தல் வேண்டும். புதிய வர்ணம் பூசப்பட்ட ஒட்டுகளை இருமுறை பார்த்தல் நன்று. அலகுகளை மாற்றும்போது சோடியாகவே மாற்றுதல் வேண்டும். ஒன்றை மாத்திரம் மாற்றினால் நிறை வேறுபட்டு, அதிர்வு பெட்டியை அழிக்கும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

5 அடி வெட்டி கரடு நிலத்தில் மணிக்கு 2 மைல் வேகத்திற் சென்றால், திரும்புதலும் படிதலும் கழிய, மணிக்கு 1 ஏக்கருக்குச் சற்றுக் குறைய வெட்டும். 3 ஏக்கர் உள்ள கமக்காரருக்கு இது அரைநாள் வேலையாகும். ஆண்டுக்கு இரண்டு நாட்கள் மாத்திரம் இயங்கும் கருவியைத் தனியே வாங்குதல் இலாபகரமானதன்று. கமக்காரர் அமைப்பின் மூலம் கூட்டாக வாங்கி முறைவைத்து உபயோகிப்பதே தகும். ஆனால் பொதுக் கருவி ஒரு காணியின் களையை மறு காணிக்கு எடுத்துச் செல்லும். முக்கியமாகப் பார்த்தீனியம் பூக்குமுன் வெட்டப்படல் வேண்டும். பூத்தபின் வெட்டினால் விதை எங்கும் சிதறும். ஒவ்வொரு காணியையும் விட்டு நீங்குமுன் வெட்டியைக் கழுவுதல் அனைவருக்கும் நன்மை தரும்.

காணியினுள் இறங்குமுன்

யுத்தம் நடைபெற்ற பிரதேசங்களில், மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியினுள் இயந்திரத்தையோ ஆளையோ ஒருபோதும் இறக்கக் கூடாது. அயற்காணி பயிரிடப்படுகின்றது என்பது போதிய சான்றாகாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து உறுதி பெறுதல் வேண்டும். சந்தேகமான பொருள் எதனையும் கண்டால் தொடாது, வந்த வழியே திரும்பி, அறிவித்தல் வேண்டும்.

அவ்வுறுதி பெற்ற பின்னர் காணியை நடந்து பார்த்தல் வேண்டும். பற்றை மூடிய கட்டில்லாக் கிணறு, கறையான் புற்று, பழைய முட்கம்பி, அத்திவாரக் கற்கள் என்பன காணப்படும் இடங்களில் உயர்ந்த தடி நாட்டி அடையாளமிடுதல் வேண்டும். கம்பியை அகற்றாது வெட்டியை ஓட்டக் கூடாது.

வேலை செய்யும்போது

முதல் முறை வெட்டும்போது அலகு நிலத்திலிருந்து 6 அங்குல உயரத்தில் இருத்தல் நன்று. நிலத்தோடு ஒட்ட வெட்டினால் அலகு மண்ணையும் கல்லையும் தாக்கும். ஆடி, ஆவணி மாதங்களின் காய்ந்த புல்லில், கல்லில் மோதும் அலகின் பொறியே நெருப்பாகலாம். ஆகையால் நிலம் சற்று ஈரமாயும் புல் பச்சையாயும் உள்ள காலமே உகந்தது.

300 அடிக்குள் எவரும், சிறப்பாகச் சிறுவர்கள், நிற்றல் கூடாது. சில்லுக் காப்பின்மேல் ஆளை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை இவ்வேலையின்போது முற்றாகக் கைவிடுதல் வேண்டும். தவறி விழுபவர் அலகின்முன் விழுவார். சாரம் அணிந்து இவ்வியந்திரத்தை இயக்குதல் ஆகாது. சுழலும் தண்டு துணி நுனியைப் பற்றினால் விடுபட நேரமிராது. ஆசனத்தை விட்டு இறங்குமுன் தண்டை விடுவித்து, இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்து, அலகு நிற்கும்வரை பொறுத்தல் வேண்டும். தூக்கிய வெட்டியின் கீழே, உறுதியான கட்டைகளை முட்டுக்கொடுக்காது எவரும் கையை நீட்டுதல் கூடாது.

வெட்டிய பின்

வெட்டுதல் நிலத்தைத் திறக்குமேயன்றி வேரைக் கொல்லாது. இலுக்கும் நாயுண்ணியும் சில வாரங்களிலே துளிர்க்கும். துளிர் முழங்கால் உயரம் வருமுன் இரண்டாம் முறை வெட்டுதலும், அதன்பின் உழுது வேரை வெயிலிற் காயவிடுதலும், தாமதமின்றிப் பயிரோ மூடுபயிரோ இடுதலும் வேண்டும். வெட்டிய புல்லை எரியாது நிலத்திற் பரவவிட்டால் அது மண்ணின் ஈரத்தைக் காத்து, உக்கிப் பசளையாகும்.

காணியில் நிற்பதை அளந்து, வலுவைக் கணக்கிட்டு, முறியும் ஆணியையோ நழுவு கிளச்சையோ பார்த்து வாங்கிய வெட்டி பல போகங்களுக்கு உழைக்கும். வாங்குமுன் உழவு இயந்திரத்தின் குதிரைவலுவையும் காணியின் நிலைமையையும் குறித்துக்கொண்டு அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகினால், தகுந்த ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளலாம்.