கிரைண்டர் விளம்பரம் ஏன் பின்னாலேயே வருகிறது?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று ஒரு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். ஏதோ ஒரு விற்பனைத் தளத்தில் வெட் கிரைண்டர் விலை பார்த்தீர்கள். வாங்கவில்லை. மறுநாள் காலை செய்தி படிக்க ஒரு பத்திரிகையின் தளத்தைத் திறந்தால், ஓரத்தில் அதே கிரைண்டர் நிற்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் அங்கேயும் கிரைண்டர்.

ஆலங்குளத்தில் எங்கள் சிமென்ட் ஆலைப் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். "வைரஸ் ஏதும் வந்துடுச்சாண்ணே?" என்பார்கள். வைரஸ் இல்லை. கம்ப்யூட்டரில் கோளாறும் இல்லை. நடப்பது இதுதான்.

ராஜபாளையத்தில் நீங்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடைக்காரருக்கு, உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ உளுந்து செலவாகும் என்று தெரியும். பற்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். அதில் நமக்கு வருத்தம் இல்லை. அந்த நோட்டு அவர் கல்லாவை விட்டு வெளியே போகாது. இன்டர்நெட்டிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. ஒரு வெப்சைட்டுக்கு நீங்கள் போனால், அது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய குறிப்பை எழுதி வைக்கும். இதற்குக் குக்கி என்று பெயர். பெரும்பாலும் அதில் இருப்பது ஒரு நீண்ட எண் மட்டுமே. கோயிலில் செருப்பு விடும்போது தருகிற டோக்கன் மாதிரி. அடுத்த முறை நீங்கள் போகும்போது பிரவுசர் அந்த டோக்கனைக் காட்டும். 'நேற்று வந்தவர் இவர்தான்' என்று வெப்சைட் தெரிந்துகொள்ளும். 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற புரோகிராமர் இதை உருவாக்கினார். வாங்குவதற்காகக் கூடையில் போட்ட பொருள், அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. குக்கி ஒரு புரோகிராம் அல்ல. தானாக இயங்கி எதையும் கெடுக்காது.

சிக்கல் வந்தது வேறு வழியில். நீங்கள் பத்திரிகைத் தளத்தைத் திறக்கும்போது, செய்தி பத்திரிகையின் சர்வரிலிருந்து வருகிறது. ஓரத்தில் இருக்கும் விளம்பரக் கட்டம் பெரும்பாலும் வேறொரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிடும். கிரைண்டர் விற்ற தளத்திலும், கிரிக்கெட் தளத்திலும், சமையல் குறிப்புத் தளத்திலும் அதே நிறுவனத்தின் கட்டம் இருந்தால், எல்லா இடத்திலும் அதே டோக்கனைக் காட்டுகிறீர்கள். சில பக்கங்களில் கட்டம்கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவுப் படத்தை வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே ஆள் நோட்டுடன் நின்று, நீங்கள் எங்கே நுழைந்தீர்கள், எதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்? இதற்குத்தான் 'தேர்ட் பார்ட்டி குக்கி' என்று பெயர். நோட்டு அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. டோக்கன் மட்டும்தான் உங்களிடம்.

இந்தத் தொழிலில் முன்னணியில் இருந்த டபுள்கிளிக் என்ற நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2007ல் அறிவித்து, 2008ல் வாங்கி முடித்தது. உங்கள் தேடல் ஒரு பக்கம், நீங்கள் போய்வந்த தளங்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

தேங்காய் ஏலம் பார்த்திருப்பீர்கள். விளம்பரக் கட்டமும் பல தளங்களில் ஏலத்துக்குத்தான் போகிறது. நீங்கள் பக்கத்தைத் திறந்ததும், 'நேற்று கிரைண்டர் பார்த்தவர் வந்திருக்கிறார், யார் எவ்வளவு தருகிறீர்கள்?' என்று கேட்டு, கம்ப்யூட்டர்களே விலை கூறி, அதிகம் கேட்டவருக்கு இடம் போய்விடும். பக்கம் முழுதாக வந்து சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது.

உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியுமா? குக்கி மட்டும் இருந்தால் தெரியாது, எண்தான் தெரியும். ஊரையும் இணைப்பின் முகவரியை வைத்து ஊகிக்கிறார்கள். அது பல நேரம் தப்பாகும். எனக்கு வரும் விளம்பரங்கள் என்னை மதுரைக்காரனாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன! ஆனால் ஈமெயில் அக்கவுண்டில் லாக் இன் செய்தபடியே உலவினால், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளும் தெரிந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது கிரைண்டர் அல்ல. நம் ஊர்களில் ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பிரவுசர், அதே டோக்கன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகள் சென்னையில் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா செய்தி படிக்க உட்கார்ந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சென்னை மகளிர் விடுதி விளம்பரம். மகள் வாய் திறக்கும் முன்பே கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. விடுதிக்குப் பதில் யாரிடமும் சொல்லாத ஒரு நோயாகவோ, கடனாகவோ அது இருந்திருந்தால்? உடல்நலத்தை வைத்து ஒருவரைக் குறிவைத்து விளம்பரம் தரக்கூடாது என்று கூகுள் தன் விளம்பரதாரர்களுக்கு விதி வைத்திருக்கிறது. ஆனால் விளம்பர நிறுவனம் கூகுள் ஒன்று மட்டும் அல்ல.

நம் நாட்டில் இந்த விஷயம் பெரிதாக வெடித்தது வாட்ஸ்அப் வழியாக. 2014ல் அதை ஃபேஸ்புக் வாங்கியது. 2016 ஆகஸ்ட்டில் விதிகளை மாற்றி, பயனாளர்களின் போன் நம்பர் உள்ளிட்ட சில தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிரப்போவதாக வாட்ஸ்அப் சொன்னது. விளம்பரத்துக்குப் பயன்படுவதை மறுக்க, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 30 நாள் அவகாசம் கொடுத்தது. 2021 ஜனவரியில் வந்த புதிய விதிகளில் அந்த வழியும் இல்லை. ஏற்றுக்கொள் அல்லது விட்டுவிடு என்ற நிலை. (நீங்கள் அனுப்பும் மெசேஜ் பூட்டப்பட்டே போகிறது, பேச்சு அதைப் பற்றியதல்ல. எந்த நம்பர், எந்த போன், எந்த வியாபார நிறுவனத்தோடு தொடர்பு என்ற தகவல்களைப் பற்றியது.) இந்தியப் போட்டி ஆணையம் தானாகவே விசாரணையில் இறங்கியது. 2024 நவம்பர் 18ல் மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது; ஐந்து ஆண்டுகளுக்கு விளம்பர நோக்கில் தகவல் பகிரவும் தடை போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது, ஐந்தாண்டுத் தடையை ரத்து செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அபராதத் தொகை பெரிதல்ல, தடைதான் வலித்திருக்கும் என்பது என் கருத்து.

சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் தருவதையும் சில விதிவிலக்குகளுடன் தடை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் தரப்பட்டது.

சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் பிரவுசரில் செய்ய வேண்டியதை இன்றே செய்துவிடலாம். குரோம் பிரவுசரில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பிரிவில் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்று இருக்கும். அதில் 'பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இந்தக் குக்கிகளை அடியோடு நிறுத்தப்போவதாகக் கூகுள் 2020ல் சொன்னது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எனவே நீங்களேதான் நிறுத்த வேண்டும். ஃபயர்பாக்ஸ், தெரிந்த கண்காணிப்புக் குக்கிகளை 2019 முதல் தானாகவே தடுக்கிறது. ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் எல்லாத் தேர்ட் பார்ட்டி குக்கிகளையும் தடுக்கிறது. புதியவர்களுக்கு நான் ஃபயர்பாக்ஸைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

கூகுள் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் 'மை ஆட் சென்டர்' என்ற பகுதிக்குச் சென்று, தனிநபருக்கேற்ற விளம்பரங்களை 'ஆஃப்' செய்திடலாம். விளம்பரம் நிற்காது, ஆனால் உங்களைப் பார்த்து வராது. இலவசமாகச் செய்தி தருகிறவர்களுக்கு விளம்பரம் வேண்டும்தானே. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

'இன்காக்னிடோ' விண்டோவில் உலவினால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். மூடியதும் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஹிஸ்டரியும் குக்கிகளும் போய்விடும், அவ்வளவுதான். நீங்கள் செல்லும் தளத்துக்கு நீங்கள் மறைவதில்லை. இது குறித்து அமெரிக்காவில் 2020ல் தொடரப்பட்ட வழக்கில், சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024ல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விடுதி விளம்பரம் அப்பா கண்ணில் படாமல் இருக்க இது போதும். அதைவிட நல்லது, விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போய், வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் அமைத்துக் கொடுப்பது. ஐந்து நிமிட வேலை. அவரவர் குக்கி அவரவரிடம் இருக்கும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குக்கிகளை அழிக்க, பிரவுசர் திறந்திருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்று கீகளையும் ஒருசேர அழுத்தவும். வரும் பெட்டியில் குக்கிகளுக்கான கட்டத்தில் மட்டும் டிக் அடையாளம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு அழித்திடவும். அழித்தவுடன் எல்லாத் தளங்களிலிருந்தும் லாக் அவுட் ஆகிவிடுவீர்கள். ஈமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாதவர்கள் அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.