‘மனிதகுலம்’ என்ற சொல்லும் மாஞ்சோலை லயன்களும்

வேற்றுலகங்களில் குடியேறுவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் வைக்கிறார்கள். இது ஒரு தேசத்தாலோ ஓர் இனத்தாலோ ஆகிற காரியமில்லை. மனிதர்கள் முதலில் ஒன்றாக வேண்டும். அந்த ஒற்றுமைதான் அஸ்திவாரம். சான்றாக, 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணிகள் நிலவைச் சுற்றுகையில் எடுத்த பூமியின் படத்தைக் காட்டுவார்கள். தேச எல்லை எதுவும் அதில் தெரியாது. வாஸ்தவம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. தெரியாமல் போவதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. சந்திரயான்-3ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் 2023 பிப்ரவரியில் அங்கேதான் எரித்துச் சோதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலவில் இறங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 9 இரவு, அதே மாவட்டத்து நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். இதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறுகளைத் தடை செய்ய வேண்டுமென்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ராக்கெட் கிளம்புவதற்கு மனித ஒற்றுமை அவசியமில்லை என்பதுதான் இதில் தெரிகிற சேதி.

சரி, போய் இறங்கியபின் வாழ்வது எப்படி? 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் விண்வெளி மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்கிறது. எந்த தேசமும் நிலவையோ வேறு கோளையோ தன் மண் என்று சொந்தம் கொண்டாட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஒப்பந்தப்படி, அங்கே நிற்கும் கலத்தின் மீதும் அதிலிருக்கும் ஆட்கள் மீதும் அதிகாரம் அதைப் பதிவு செய்த நாட்டுக்குத்தான். தோண்டி எடுத்த பொருள் எடுத்த கம்பெனிக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015இல் சட்டம் போட்டது. தாது எடுப்பது 1967 ஒப்பந்தத்துக்கு மாறானதல்ல என்று சொல்லும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியாவும் 2023 ஜூனில் கையெழுத்திட்டது. ஆக, நிலம் யாருக்கும் சொந்தமில்லை; ஆனால் அதில் வாழ்பவர்கள் மீது அதிகாரம் உண்டு. இந்த விசித்திரத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். தாமிரபரணிக்கு மேலே, மலையில்.

1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி சுமார் 8,374 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட்டுகள் வந்தன. கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் மேலே கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தலித்துகள். அட்டையும் குளிரும் மழையுமான அந்த மலை அவர்களுக்கு வேற்றுலகம்தான். கம்பெனிக்கு அங்கே நிலம் சொந்தமில்லை, குத்தகை மட்டுமே. ஜமீன் ஒழிந்து நிலம் சர்க்காருக்குப் போன பிறகும் குத்தகை தொடர்ந்தது. ஆனால் குடியிருந்த லயன் வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போச்சு. மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியால் இந்த அதிகாரத்தைத் தொடவே முடியவில்லை.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. இறந்தவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று தரப்பும் உண்டு. இங்கே ஓர் ஒற்றுமை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது யாரும் முன்கூட்டியே போட்டுவைத்த அஸ்திவாரமல்ல. ஒரே லயனில் இருந்து ஒரே கூலி வாங்கியவர்கள் ஒரே கோரிக்கையை வைத்தபோது உண்டான ஒற்றுமை. ‘மனிதகுலம்’ என்று மேலேயிருந்து சொல்லப்படுவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

குத்தகை 2028 வரை இருந்தும் 2024இல் கம்பெனி கிளம்பத் தயாரானது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்படியே போனாலும், மலையிலிருந்து இறங்க ஒரு பஸ்ஸாவது உண்டு.

செவ்வாயில் அதுவும் கிடையாது. அங்கே வீடு மட்டுமல்ல, குடிக்கிற தண்ணீரும் மூச்சுவிடுகிற காற்றும் மெஷினிலிருந்து வர வேண்டியவை. மெஷின் யாருடையதோ அவர்களுடையது காற்று. வேலைநிறுத்தம் செய்தவனுக்குக் காற்று உண்டா? கணக்கை முடித்துக்கொண்டு திரும்புகிறவனுக்குக் கப்பலில் இடம் உண்டா? அங்கே பிறக்கும் குழந்தை எந்தச் சர்க்காரிடம் போய் மனுக் கொடுக்கும்?

வேற்றுலகம் பற்றிக் கதை எழுதுகிற நண்பர்களும் சங்கம் வைத்து வேலை பார்க்கிற தோழர்களும் கேட்க வேண்டியவை இவைதான். மனிதர்கள் ஒன்றுபட்ட பிறகு குடியேறலாம் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. எவனும் காத்திருக்கப் போவதுமில்லை. காற்றும் வீடும் திரும்பிவரும் வழியும் கூலிக்குப் பிணையாக இருக்கக் கூடாது என்ற ஒரு விதியையாவது கப்பல் கிளம்புவதற்கு முன்னால் எழுதி வாங்கியாக வேண்டும்.