சீட்டு இருக்கிறது, கணக்கு எங்கே?

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் சிறிய கடன் சங்கம் ஒன்று நகைக்கடன் வழங்கி வருகிறது. ஒரு திங்கட்கிழமை காலை, பெரியவர் ஒருவர் பேத்தியின் திருமணத்துக்காக ஈட்டுச் சங்கிலியை மீட்க வந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களுள் அவரும் ஒருவர். கையில் பணமும் சீட்டும் இருந்தன. எழுத்தர் சீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த எண் கணக்கிலேயே இல்லையே, பெரியவரே" என்றார். சங்கிலியோ அதே எண் எழுதிய பையில், இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

அன்று பிற்பகல் நாங்கள் அங்குச் சென்றபோது, வார இறுதியில் பழைய சர்வரின் லினக்ஸ் இயங்குதளத்தை மாற்றியிருந்ததை அறிந்தோம். தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ்கியூஎல். அதன் பதிப்பில் மாற்றமில்லை. தரவுக் கோப்புகளும் அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தன. எல்லாக் கடன்களையும் முழுப் பட்டியலாக வரவழைத்தபோது பெரியவரின் கணக்கும் அதில் இருந்தது. எண்ணைக் கொடுத்துத் தேடினால் மட்டும் காணவில்லை.

காரணம் எளியது. ஆனால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. பெரிய பேரேட்டின் முன்பக்கத்தில் அகரவரிசை அட்டவணை இருப்பதுபோல், தரவுத்தளமும் விரைவாகத் தேடுவதற்கென ஓர் அடைவை வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற வரிசை முறையை அது பெரும்பாலும் இயங்குதளத்திடமிருந்தே பெறுகிறது. லினக்ஸில் அம்முறையைத் தருவது ஜிலிப்சி என்னும் நிரல் தொகுப்பு. 2018 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 2.28ஆம் பதிப்பில் வரிசை முறை பெரிதும் திருத்தப்பட்டது. ஆங்கில வரிசை அமைப்பில், முன்பு '11' என்பதற்குப் பின் வந்த '1-1', அதன்பின் முன்னதாக வந்தது. சங்கத்தின் சீட்டு எண்கள் எல்லாவற்றிலும் இடைக்கோடு உண்டு! பழைய வரிசையில் கட்டிய அடைவைப் புதிய வரிசையில் தேடினால், இருக்கும் கணக்கும் இல்லாததாகிவிடும்.

இதைவிட ஆபத்தானது வேறொன்று. 'இல்லை' என்று திரை சொன்னதை நம்பி எழுத்தர் அக்கணக்கைப் புதிதாகப் பதிந்திருந்தால், ஒரே எண்ணில் இரு கடன்கள் அமைதியாக உட்கார்ந்துவிடும். நல்லவேளை, அவர் பதியவில்லை. அந்த ஐயுணர்வுக்காக அவரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முதலில் புதிய பதிவுகளை நிறுத்தி, தரவு முழுவதையும் தனி வட்டில் நகலெடுத்தோம். பிறகு இரட்டைப் பதிவுகள் உண்டா என்று அடைவைத் தவிர்த்துச் சரிபார்த்தோம், இல்லை. இறுதியாக 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையால் அடைவுகளை மீண்டும் கட்டினோம். உண்மையில், கோப்புகளை அப்படியே நகலெடுக்காமல், தரவை ஏற்றுமதி செய்து புதிய கணினியில் இறக்கியிருந்தால் அடைவுகள் அங்கேயே புதிதாக உருவாகியிருக்கும். இச்சிக்கல் எழுந்தே இராது. 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 15 முதல், தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பு மாறினால் எச்சரிக்கையும் வருகிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

தரவு பத்திரமாக இருந்தும் அமைப்பு தடுமாறுவது சிறிய சங்கங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய தளத்துக்கு மாறியபோதும் தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் பழுதுற்றது. இயல்புநிலை திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2022இல் அவ்வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு.

உங்கள் கடையிலோ சங்கத்திலோ இயங்குதளத்தை மாற்றவிருந்தால், பழைய கணினியை உடனே விற்றுவிடாதீர்கள். மாற்றிய மறுநாள், கையிலுள்ள சீட்டுகளில் இருபதை எடுத்து எண்ணாலும் பெயராலும் தேடிப் பாருங்கள். இடைக்கோடும் இடைவெளியும் உள்ளவற்றை முதலில் எடுங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பெரியவரை மீண்டும் அழைத்தார்கள். எழுத்தர் எண்ணைத் தட்டினார், கணக்கு வந்தது. அன்றைய ஒருநாள் வட்டியைச் சங்கம் வாங்கிக்கொள்ளவில்லை.