பேசாமல் பேசும் படம்!

தோழா! படமென்றால் பாட்டு வேண்டும், வெடி வெடித்தாற்போல் வசனம் வேண்டும் என்பாய். மறுக்கமாட்டேன். 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி' என்று வசனத்தை வாளாக்கிய வழியிலே வந்தவர்கள் நாம். ஆனால், பேசாமலே நெஞ்சைப் பிளக்கும் படமும் உண்டு. 1988-இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' அத்தகையது. ஆடல் இல்லை, பாடல் இல்லை, அடிதடி இல்லை!

கதை என்ன? குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலை. வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு, கடன்பட்டுச் சிறு வீடொன்று கட்டத் துணிகிறாள். அவ்வளவுதான்!

இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் பாலு மகேந்திராவே. படத்தொகுப்பு என்றால் வெட்டி ஒட்டும் வேலைதானே என்று எண்ணாதே! எங்கே வெட்டாமல் விடவேண்டும் என்று அறிவதே அதில் பெரிய வித்தை. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியே வருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடிக்கிறாரா, வாழ்கிறாரா? சுவரைத் தடவுகிறார், அறைக்கு அறை நடக்கிறார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும் உடன் நடக்கிறது. காமிரா அவசரப்படவில்லை, கத்தரியும் குறுக்கிடவில்லை. முதியவர் கண்குளிரப் பார்த்து முடிக்கும்வரை நம்மையும் காத்திருக்க வைக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியோடு அவர் உயிர் பிரியும்போது, நம் வீட்டுப் பெரியவரை இழந்தாற்போல் கலங்குகிறோம். அழு என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை!

ஒளியைப் பார்! பூச்சில்லாச் செங்கல்லின்மேல் பளபளப்பு ஏற்றவில்லை. வெயில் வெயிலாகவே விழுகிறது. வியர்வை வியர்வையாகவே தெரிகிறது. உழைப்பவனை அலங்கரிக்காமல் காட்டுவதும் அவனுக்குச் செய்யும் மரியாதைதான்!

சிமெண்டைத் திருடும் காண்டிராக்டரைக் காட்டிக்கொடுப்பவள் யார்? படித்தவளா, பணக்காரியா? கல்லும் மண்ணும் சுமக்கும் சித்தாள் மங்கம்மா! ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கை அது. திருட்டைக் கண்டு சும்மா இருக்குமா?

முடிவோ இடி! அந்த மனை குடிநீர் வாரியம் கையகப்படுத்திய நிலமாம். சுதா நீதிமன்றப் படியேறுகிறாள். தீர்ப்பு? படம் சொல்லவில்லை. கேள்வியை நம் கையிலே கொடுத்துவிட்டுத் திரை மூடுகிறது.

தோழா, மேடையேறி முழங்க நமக்குத் தெரியும். ஏழையின் வீட்டுச் சுவரருகே மௌனமாய் நின்று பார்க்கவும் கற்போம். பார்த்தவன் பேசும் பேச்சுக்கே பலம் அதிகம்!