உங்களுக்குத் தெரியுமா? தாரா முட்டைக்கு ஈரமும் வேண்டும்

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். தாரா முட்டைக்கு 28 நாட்கள், மஸ்கோவி இனத் தாராவின் முட்டைக்கோ 35 நாட்கள். கல்முனை போன்ற கரையோர ஊர்களில் அடைக்கோழியின் கீழ் தாரா முட்டை வைப்போர், கோழி வழக்கத்தைவிட அதிக நாட்கள் அடைகாக்க வேண்டியிருப்பதால், இடையில் எழுந்துவிடாதபடி அதற்குத் தீனியும் நீரும் அருகிலேயே வைக்க வேண்டும். இன்குபேட்டரில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ். தாய்த் தாரா நனைந்த இறகோடு கூட்டுக்குத் திரும்பும். அதற்கு ஈடாகவே இன்குபேட்டரில் உள்ள முட்டைகளைத் தினமும் சற்று ஆறவிட்டு வெதுவெதுப்பான நீர் தெளிக்கிறார்கள். கடைசி 3 நாட்கள் முட்டையைப் புரட்டக் கூடாது; ஈரப்பதம் 70 சதவீதமாவது இருக்க வேண்டும், இல்லையேல் உட்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முதல் துளை விழுந்த பின்னும் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உடைத்தால் குருதி கசிந்து குஞ்சு இறக்கக்கூடும்.