இறக்கையின் நீளமும் யூனிட்டின் விலையும்

முப்பந்தல் வழியாகப் பயணிப்போர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். அங்குள்ள காற்றாலைகளில் சில குட்டையானவை, விரைந்து சுழல்பவை. சில நெடிதுயர்ந்தவை, நிதானமாகச் சுழல்பவை. விரைந்து சுழல்வதே அதிக மின்சாரம் தரும் என எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

விமானத்தின் இறக்கையைப் போலவே, காற்றாலை இறக்கையிலும் வளைந்த பக்கத்தில் காற்றழுத்தம் குறைவதால் எழும் விசையே அதைச் சுழற்றுகிறது. அடிப்பகுதியைவிட நுனி பன்மடங்கு வேகமாகச் செல்வதால், ஒவ்வொரு பகுதியும் காற்றை வெவ்வேறு கோணத்தில் சந்திக்கிறது. எனவேதான் இறக்கை அடியில் பருத்து முறுக்கேறியும், நுனியில் மெலிந்து தட்டையாகவும் வடிவமைக்கப்படுகிறது.

இந்த வடிவமைப்புக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சிவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது. 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் ஈர்க்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிறுவினார். இன்றைய இறக்கைகள் அந்த எல்லையை நெருங்கிவிட்டதால், வடிவத்தைச் செதுக்கிப் பெறும் ஆதாயம் இனிச் சிறிதே. பெரிய ஆதாயம் நீளத்தில் இருக்கிறது. நீளம் இரட்டிப்பானால் இறக்கை வீசும் பரப்பு நான்கு மடங்காகும்.

ஆனால், அதே வடிவில் பெரிதாக்கினால் எடை எட்டு மடங்காகும். இங்குதான் பொறியியல் பொருளாதாரத்தைச் சந்திக்கிறது. மிக அதிக மின்சாரம் தரும் இறக்கையன்று, ஒரு யூனிட்டை மிகக் குறைந்த செலவில் தரும் இறக்கையே சிறந்த இறக்கை. கண்ணாடியிழையோடு விலையுயர்ந்த கார்பன் இழையையும் சேர்ப்பது இந்தக் கணக்கினால்தான்.

30 மீட்டர் விட்டமுள்ள பழைய 250 கிலோவாட் காற்றாலையில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 350 வாட் திறன் கொண்ட மின்னாக்கி உண்டு. 120 மீட்டர் விட்டமுள்ள 2.1 மெகாவாட் காற்றாலையில் அது 190 வாட்டுக்கும் குறைவு. அதாவது, மின்னாக்கியின் திறனை ஒப்பிட இறக்கை பெரிது. அதனால் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த பிறகு வீசும் மென்காற்றிலும் அது மின்சாரம் தரும். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பொங்கி வழியும் மின்சாரத்தைவிட, மற்ற மாதங்களில் கிடைக்கும் யூனிட் மின் வாரியத்துக்கு மதிப்பு மிக்கது.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் மிகச் சிறந்த காற்றிடங்களை, 1990-களில் நிறுவப்பட்ட சிறு காற்றாலைகள் பல இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன. அன்றைய நூறு சதவீதத் தேய்மானச் சலுகை, கோபுரத்தை நட்டதற்குக் கிடைத்ததே தவிர, உற்பத்திக்கு அன்று. இறக்கையின் தரம் குறித்து முதலீட்டாளர் கவலைப்பட வேண்டிய தேவையே எழவில்லை!

பழையவற்றை அகற்றிப் புதியவற்றை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டது. பெரிய காற்றாலைகளுக்கிடையே அதிக இடைவெளி தேவை. எனவே, பல சிறு உரிமையாளர்கள் ஒரு காற்றாலைக்குப் பங்காளிகளாக வேண்டியிருக்கும். நிலம், உற்பத்தியாகும் யூனிட், மின்சாரத்தைச் சேமிப்பில் வைக்கும் வசதி ஆகியவற்றை அவர்கள் எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது என்பது, முதல் கோபுரத்தை இறக்குவதற்கு முன்பே எழுத்தில் தீர்க்கப்பட வேண்டும்.