பழைய காரும் புதிய உறுப்பும்

பழைய பந்தயக் காரை உரிமையாளர் விருப்பம்போல் மாற்றலாமா, பிறந்த கோலத்திலேயே பேண வேண்டுமா என்பது மேலைநாடுகளில் ஓயாத வழக்கு. 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்வோம். விலை மலிந்திருந்த நாளில் வேறு எஞ்சின் மாட்டினாலும் கேட்பாரில்லை. இன்றோ, வாங்குவோர் எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் பொறித்த எண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா என்றே முதலில் பார்க்கின்றனர். ஒவ்வாவிடில் விலை சரியும்.

ஆனால் ‘அசல்’ என்பது எது? 1962-இல் உருவான ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-இல் ஏறத்தாழ 4.84 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. விந்தை என்னவெனில், அதன் மேற்கூடு 1964-இலேயே மாற்றப்பட்டது! ஃபெராரிக்கு வழக்கமாகக் கூடு செய்த ஸ்காலியெட்டி பட்டறையே, பந்தயக் காலத்திலேயே செய்ததால் அம்மாற்றமும் வரலாறாகிவிட்டது. நேற்று ஒருவர் செய்த மாற்றத்துக்கு இச்சலுகை கிடையாது.

2017-இல் ஜாகுவார் நிறுவனமே இ-டைப்புக்கு மின்மோட்டார் பொருத்திக் காட்டியது. வேண்டுமானால் பழைய எஞ்சினை மீண்டும் வைக்கலாம் என்றது. எஞ்சினையே எடுப்பதை என் மனம் ஒப்பவில்லை. எனினும் திரும்பப் பெறத்தக்க மாற்றம் என்ற அளவுகோல் எனக்கு உடன்பாடே. தகட்டில் துளையிடாமல் விசிறியையும் பற்றவைப்பையும் மேம்படுத்தினால் வண்டி இன்றைய நெரிசலிலும் சூடேறாமல் ஓடும். கழற்றியவற்றைப் பெட்டியிலிட்டு, விற்கும் நாளில் காரோடு கொடுத்துவிடலாம்.